கப்பாபிளாங்காவை வென்ற மிர் சுல்தான் கான்

சதுரங்கம் என்றவுடன் தமிழர்களாகிய நம் நினைவுக்கு முதலில் வருபவர் விசுவநாதன் ஆனந்த். அவரை அடுத்து, 2024 டிசம்பரில் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வீழ்த்தி, 18 வயதிலேயே உலக வெற்றியாளர் பட்டம் வென்ற குகேஷ் நினைவுக்கு வருவார். இருவரும் சென்னையில் வளர்ந்தவர்கள் என்பது நமக்கெல்லாம் பெருமையே. ஆனால், ஆனந்த் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்திய மண்ணிலிருந்து கப்பலேறிச் சென்று, ஐரோப்பாவின் மாபெரும் ஆட்டக்காரர்களைத் திணறடித்த ஒருவர் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் மிர் சுல்தான் கான். அவர் தமிழர் அல்லர், பஞ்சாபியர். இருந்தாலும் அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லும் செய்தி உண்டு என்பதால் இக்கட்டுரையில் அவரைப் பற்றி எழுத விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

சுல்தான் கான் 1903ஆம் ஆண்டு வாக்கில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாப் மாநிலத்தில் மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். இருபத்தோரு வயதை எட்டியபோது பஞ்சாபின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றுவிட்டார்.

இங்கே ஒன்றை நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அவர் கற்றது இன்று நாம் ஆடும் சதுரங்கம் அன்று, இந்தியச் சதுரங்கம். பலகை ஒன்றுதான், காய்களும் ஏறத்தாழ அவையேதான். ஆனால் விதிகள் வேறு. சிப்பாய் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் நகரும். இரண்டு கட்டம் தாண்டாது. ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் ‘காஸ்லிங்’ கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒருமுறை குதிரையைப் போல் தாவலாம். கடைசிக் கட்டத்தை அடையும் சிப்பாய் விரும்பியபடி ராணியாகிவிட முடியாது. எந்த வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். இவ்விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறுபட்டும் இருந்தன.

காய்களின் பெயர்களும் அப்படித்தான். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது ராணிக்கும் ராஜாவுக்கும் பக்கத்தில் நிற்கும் காயை மந்திரி என்றே சொல்லிப் பழகியிருந்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின்னர்தான் மலாய் நண்பர்கள் ராணியை ‘மெந்திரி’ என்றும், நான் மந்திரி என்ற காயை ‘காஜா’, அதாவது யானை என்றும் அழைப்பதைக் கேட்டேன். ராணியை அமைச்சராகக் கருதுவதே இந்தியாவின் பழைய வழக்கம் என்பது பிறகு தெரிந்தது. ‘சாதூர்’ என்னும் மலாய்ச் சொல்லே சதுரங்கத்திலிருந்து பிறந்ததுதானே! இக்கட்டுரையில் நம் பள்ளி வழக்கப்படி ராஜா, ராணி, கோட்டை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்றே குறிப்பிடுகிறேன்.

சர் உமரின் ஆதரவு

சுல்தான் கானின் திறமையைக் கண்டவர் அப்பகுதியின் பெரும் நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் திவானா. பிரிட்டிஷ் அரசிடம் செல்வாக்குப் பெற்றிருந்த இவர் சதுரங்கப் பிரியர். சுல்தான் கானைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய விதிகளைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. 1928இல் நடந்த அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல், எட்டில் வென்று ஒன்றில் மட்டும் சமன் கண்டு முதலிடம் பெற்றார்.

1929இல் சர் உமர் இந்தியாவுக்கான அமைச்சரின் ஆலோசனை அவையில் உறுப்பினராகி லண்டன் செல்ல நேர்ந்தது. சுல்தான் கானும் உடன் சென்றார். லண்டனில் அவருக்குப் பயிற்சியாக ஒரு சிறு போட்டி ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் அவர் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார்! காரணம் எளிது. ஐரோப்பியர்களின் ஆட்டத் தொடக்கங்கள் அவருக்குப் பழக்கமில்லை. இந்தியச் சதுரங்கத்தில் சிப்பாய்கள் மெல்ல நகர்வதால் இரு படைகளும் நிதானமாக அணிவகுத்த பிறகே மோதிக்கொள்ளும். ஐரோப்பிய ஆட்டத்திலோ மூன்றாவது நான்காவது நகர்விலேயே சண்டை தொடங்கிவிடும். எந்த நகர்வுக்கு எதை ஆட வேண்டும் என்று ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் நூல்கள் மலிந்திருந்தன. அவற்றைச் சிறு வயது முதலே கரைத்துக் குடித்தவர்களோடுதான் சுல்தான் கான் மோத வேண்டியிருந்தது.

வில்லியம் விண்டர், பிரடெரிக் யேட்ஸ் ஆகிய இரு ஆங்கில ஆட்டக்காரர்கள் அவருக்குப் பயிற்சி அளித்தனர். அதே ஆண்டு கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் வெற்றியாளர் போட்டி நடந்தது. யாரும் எதிர்பாராத வகையில் சுல்தான் கான் முதலிடம் பெற்றார். வந்த சில மாதங்களிலேயே, ஆளும் நாட்டின் வெற்றியாளர் பட்டத்தை ஆளப்படும் நாட்டவர் ஒருவர் வென்றுவிட்டார். இந்தியாவின் நிலையில் அன்று அது எத்துணை பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஹேஸ்டிங்ஸ் ஆட்டம்

சில மாதங்கள் தாயகம் சென்றுவிட்டு 1930 மே மாதம் சுல்தான் கான் மீண்டும் ஐரோப்பா வந்தார். அவ்வாண்டு பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த அனைத்துலகப் போட்டியில் தார்த்தகோவருக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார். ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கடற்கரை நகரான ஹேஸ்டிங்ஸில் புகழ்பெற்ற போட்டி தொடங்கியது. அங்கேதான் கூபா நாட்டின் கப்பாபிளாங்காவை அவர் எதிர்கொண்டார்.

கப்பாபிளாங்கா யாரென்று அறியாதவர்களுக்காக ஒரு சொல். அவர் 1921 முதல் 1927 வரை உலக வெற்றியாளராக இருந்தவர். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் போட்டி ஆட்டங்களில் ஒருமுறைகூடத் தோற்காதவர். சதுரங்க இயந்திரம் என்றே அவரை அழைத்தார்கள். அப்படிப்பட்டவருக்கு எதிராகச் சுல்தான் கான் வெள்ளைக் காய்களோடு அமர்ந்தார்.

கப்பாபிளாங்கா ஆடிய தற்காப்பின் பெயர் ‘குயின்ஸ் இந்தியன்’. கறுப்புக் காய்களில் ஒரு குதிரையை முன்னே விட்டு, ராணிப் பக்கத்து மந்திரியை ஓரத்தில் நிறுத்தி, அங்கிருந்து நடுப்பலகையைக் குறிவைக்கும் முறை இது. இதற்கு இந்தியன் என்ற பெயர் சும்மா வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் மகேஸ்சந்திர பானர்ஜி என்னும் வங்காளி, ஜான் கொக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞரோடு பல ஆட்டங்கள் ஆடினார். நடுப்பலகையை உடனே சிப்பாய்களால் பிடிக்காமல், தூரத்திலிருந்து காய்களால் தாக்கும் அவருடைய பாணியே ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர்க் குடும்பத்துக்கு வழிவகுத்தது. ஆக, ஹேஸ்டிங்ஸில் இந்தியருக்கு எதிராக இந்தியத் தற்காப்பை ஆடியவர் கூபாக்காரர்!

ஐந்தாவது நகர்வில் சுல்தான் கான் இடப்புறக் கடைசிச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னே தள்ளினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நகர்வு. தொடக்கத்தில் கடைசிச் சிப்பாயை நகர்த்தி நேரத்தை வீணாக்காதே என்பதுதான் புதிதாகக் கற்பவர்களுக்கு இன்றும் சொல்லப்படும் அறிவுரை. ஆனால் அந்த ஒரு கட்டம் முக்கியமான வேலையைச் செய்தது. கறுப்பு மந்திரி முன்னேறி வந்து வெள்ளைக் குதிரையை அசையாமல் கட்டிப்போடும் வழியை அது அடைத்துவிட்டது. குதிரை விடுதலையாக நின்றால் நடுப்பலகை வெள்ளைக்கு வசப்படும். இந்த நகர்வுக்கு இன்று பெட்ரோசியன் முறை என்று பெயர். 1963 முதல் 1969 வரை உலக வெற்றியாளராக இருந்த திக்ரான் பெட்ரோசியன் இதை விரும்பி ஆடினார். 1980களின் தொடக்கத்தில் இளம் காஸ்பரோவ் இதையே ஆயுதமாக்கிப் பலரை வென்றார். காஸ்பரோவுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஹேஸ்டிங்ஸ் மேசையில் சுல்தான் கான் அதை ஆடியிருக்கிறார். ஒரு கட்டம் மட்டுமே நகரும் சிப்பாய்களோடு வளர்ந்தவருக்கு அந்த நகர்வின் அருமை இயல்பாகவே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இருபதாவது நகர்வுக்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. கப்பாபிளாங்கா தம் இரு கோட்டைகளையும் உள்ளே நுழைத்து, அவற்றைக் கொடுத்து வெள்ளை ராணியைப் பெற்றுக்கொண்டார். இப்போது கறுப்பிடம் ராணி. வெள்ளையிடம் இரண்டு கோட்டைகள். கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் ராணிக்கு ஓடியாட இடம் வேண்டும். சுல்தான் கான் அந்த இடத்தைத்தான் கொடுக்கவில்லை. சிப்பாய்களால் பலகையை அடைத்துவிட்டு, கோட்டைகள் இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கினார். கறுப்பு ராணி பலகையின் வலப்புற ஓரத்தில் இரண்டு கட்டங்களுக்கு இடையே மாறி மாறிப் போய் வந்துகொண்டிருந்தது. முன்னாள் உலக வெற்றியாளரின் ராணி போக இடமில்லாமல் தவித்தது.

மற்றொன்றையும் கவனித்தேன். அந்த ஆட்டத்தில் கப்பாபிளாங்கா எட்டாவது நகர்விலேயே காஸ்லிங் செய்துவிட்டார். சுல்தான் கானோ கடைசிவரை செய்யவேயில்லை. அவருடைய ராஜா தன் கால்களாலேயே நடந்து, இடப்புற ஓரம் வரை போய்ப் பாதுகாப்பான இடத்தைத் தேடிக்கொண்டது. காஸ்லிங் இல்லாத விளையாட்டைப் பிள்ளைப் பருவத்தில் கற்றவருக்கு ராஜாவை நடத்திச் செல்வதில் என்ன அச்சம்? பிறகு ராணிப் பக்கத்தில் வழி திறந்து, கோட்டை உள்ளே புகுந்து, ஒரு சிப்பாயைக் கைப்பற்றி, மற்றொரு சிப்பாய் முன்னேறியது. 65ஆவது நகர்வில் கப்பாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அந்தப் போட்டியில் நெதர்லாந்தின் மாக்ஸ் யூவே 7 புள்ளிகளோடு முதலிடமும், கப்பாபிளாங்கா 6½ புள்ளிகளோடு இரண்டாம் இடமும், சுல்தான் கான் 6 புள்ளிகளோடு மூன்றாம் இடமும் பெற்றனர். ஒன்பது ஆட்டங்களில் கப்பாபிளாங்கா தோற்றது சுல்தான் கானிடம் மட்டுமே.

உச்சியில் இருந்த காலம்

1931இல் தார்த்தகோவரோடு நடந்த பன்னிரண்டு ஆட்டப் போட்டியில் சுல்தான் கான் 6½–5½ என்ற கணக்கில் வென்றார். அதே ஆண்டு பிராக் நகரில் நடந்த ஒலிம்பியாட்டில் இங்கிலாந்தின் முதல் பலகையில் ஆடி, ஃபுளோர், ரூபின்ஸ்டைன் ஆகிய பெரும் ஆட்டக்காரர்களை வென்றார்; அன்றைய உலக வெற்றியாளர் அலெகினோடு சமன் கண்டார். 1930 ஹாம்பர்க், 1933 ஃபோக்ஸ்டோன் ஒலிம்பியாட்டுகளிலும் இங்கிலாந்தின் முதல் பலகை அவருக்கே கிடைத்தது. 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் வெற்றியாளர் பட்டத்தை மீண்டும் வென்றார். சர் உமரின் வீட்டைச் சேர்ந்த பாத்திமா என்னும் பெண்மணி 1933இல் மகளிர் பட்டத்தை வென்றதும் குறிப்பிடத்தக்கது.

இத்தனையையும் அவர் நல்ல உடல்நலத்தோடு சாதிக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் அவரை விட்டபாடில்லை. இங்கிலாந்தின் குளிர் ஒத்துக்கொள்ளாமல் சளியும் தொண்டைப் புண்ணும் வாட்டின. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே அவர் பல ஆட்டங்களை ஆடியிருக்கிறார்.

திரும்பிச் சென்றவர்

1933 டிசம்பரில் சர் உமர் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935இல் காடில்கர் என்பவரோடு பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்பதில் வென்று ஒன்றில் மட்டும் சமன் கண்டார். அதன் பிறகு பெரும் போட்டிகளில் அவர் பெயரே இல்லை. அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். சதுரங்க வீரர் ஒருவர் முதிர்ந்து கனியும் வயது அது. அந்த வயதில் அவர் சர்கோதா பகுதியில் தம் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழத் தொடங்கினார். 1944இல் சர் உமர் மறைந்தார். 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. 1966 ஏப்ரல் 25ஆம் நாள் காசநோயால் சுல்தான் கான் சர்கோதாவில் காலமானார். பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து, இங்கிலாந்துக்காக ஆடி, பாகிஸ்தானில் மறைந்தவர் அவர்.

1950இல் அனைத்துலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முறையாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை 27 பேருக்கு வழங்கியது. ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகளாகியிருந்த ரூபின்ஸ்டைன் அந்தப் பட்டியலில் இருந்தார். அவரைப் பிராக்கில் வென்ற சுல்தான் கான் இல்லை. அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அவர் மறைந்து 58 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில்தான் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அறிவித்தது.

வேலைக்காரரா, படிக்காதவரா?

சுல்தான் கானைப் பற்றி எழுதிய பலரும் அவரை எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர் என்றே அறிமுகப்படுத்தினார்கள். 1933இல் சர் உமரின் வீட்டு விருந்துக்குச் சென்ற அமெரிக்க அணியினருக்குச் சுல்தான் கானே உணவு பரிமாறினார் என்று ரூபன் ஃபைன் என்னும் அமெரிக்க வீரர் எழுதி வைத்தார். அது நூலுக்கு நூல் பரவியது. ஆனால் சுல்தான் கானின் குடும்பத்தார் இதனை ஏற்கவில்லை. அவர் நிலபுலன் உள்ள, ஊரார் மதிக்கும் சமயக் குடும்பத்தில் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், யாருக்கும் வேலைக்காரர் அல்லர் என்று அவருடைய பேத்தி அண்மைக் காலத்தில் மறுப்பு எழுதினார்.

‘படிக்காத மேதை’ என்ற சொல்லைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு தாழ்வும் ஒளிந்திருக்கிறது. அவருடைய உழைப்பும் முறையான சிந்தனையும் அதில் காணாமல் போகின்றன. ஏதோ வரத்தால் வந்த வெற்றி என்றாகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நம்மில் பலருக்கு இது புதிதன்று. முதலாம் படிவத்தில் புறப்பாட நடவடிக்கையின்போது நான் மூத்த மாணவர் ஒருவரைச் சதுரங்கத்தில் வென்றேன். தமிழ்ப்பள்ளி மாணவனா இப்படி ஆடுகிறான் என்று அங்கிருந்தவர்கள் வியந்தார்கள். அவர்கள் பாராட்டத்தான் நினைத்தார்கள். ஆனால் அன்று நான் எப்படி ஆடினேன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தேன் என்பதையே பேசினார்கள். சுல்தான் கானைப் படித்தபோது அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. அவரைப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் அந்த ஐந்தாவது நகர்வைப் பற்றிப் பேசியிருப்பார்கள்?

நாம் அறிய வேண்டியது

நண்பர்களே, சுல்தான் கானின் வாழ்க்கையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அவர் வென்ற ஆட்டங்கள் அல்ல. ஆடாமல் போன ஆண்டுகளே. அவருடைய பயணச் செலவு, பயிற்சி, போட்டி அனைத்தும் சர் உமர் என்ற ஒரு மனிதரைச் சார்ந்திருந்தன. அவர் லண்டன் போனபோது சுல்தான் கானின் ஆட்டம் தொடங்கியது. அவர் திரும்பியபோது அது முடிந்தது. சர் உமர் செய்த உதவியை நாம் குறைத்துச் சொல்ல முடியாது; அவர் இல்லையென்றால் சுல்தான் கானை உலகம் அறிந்தே இருக்காது. ஆயினும் ஒருவரின் தயவில் வளரும் திறமை அவரோடே முடிந்துபோகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதோடு சென்னையை ஒப்பிட்டுப் பாருங்கள். 1961இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டர் ஆனவர் தமிழ்நாட்டின் மானுவல் ஆரோன். அவர் தம் வெற்றியோடு நின்றுவிடவில்லை. 1972இல் சென்னையில் இருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகைல் தால் பெயரில் ஒரு சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். நூல்கள், பலகைகள், வாரந்தோறும் போட்டிகள், எதிரில் அமர ஆட்கள் என எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகியது அந்த மன்றத்தில்தான். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருக்குப் பின் வந்தவர்களின் வரிசை இன்று குகேஷ் வரை நீண்டு நிற்கிறது. சுல்தான் கானிடம் இல்லாத எந்தத் திறமையும் இவர்களுக்கு வந்துவிடவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு புரவலர். இவர்களுக்குக் கிடைத்தது ஒரு மன்றம்.

செமினியில் உள்ள நம் வளாகத்திற்கு ஒவ்வோர் ஆண்டும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் நகரப் பள்ளியிலிருந்தும் புதிய மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் யாரிடம் என்ன திறமை இருக்கிறது என்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது. பலகையை விரித்து எதிரில் அமர ஓர் ஆள் இருந்தால்தான் அது வெளியே வரும். நம் தமிழ் மன்றம் போன்ற அமைப்புகள் தேவைப்படுவது இதற்காகத்தான். முன்னாள் மாணவர்களும் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஒரு மாணவருக்குப் பணம் கொடுத்து உதவுவது நல்லதுதான். அவரோடு அமர்ந்து ஆட ஒரு மாலைப் பொழுதைக் கொடுப்பது அதைவிட நீண்ட நாள் நிற்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது சுல்தான் கானைப் பற்றிக் கேட்டால், படிக்காத வேலைக்காரர் கப்பாபிளாங்காவை வென்ற கதை என்று சொல்லாதீர்கள். மூன்று முறை பிரிட்டிஷ் வெற்றியாளர் என்று சொல்லுங்கள். கடைசிச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, உலகம் ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கற்ற பாடத்தை முன்பே ஆடிக் காட்டியவர் என்று சொல்லுங்கள். அதுவே அந்த ஆட்டக்காரருக்கு நாம் செலுத்தும் மரியாதை ஆகும்.